உட்கரு உறை சரியாக மூடாவிட்டால்

செல் பிரிதல் என்றாலே குரோமோசோம்கள் இரு துருவங்களுக்கு நகர்வதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பிந்தைய சுமார் பத்து நிமிடங்களில்தான் உட்கரு உறை மறுபடி எழும்புகிறது. மரபணுச் சேதம் பலவற்றுக்கு வித்து விழுவதும் அப்போதுதான்.

பிரிதலின் தொடக்கத்தில் சிடிகே1 நொதி, உறையை உட்புறம் வலைபோல் தாங்கும் லாமின் புரதங்கள் மீதும் உறையின் துளைகளை அமைக்கும் புரதங்கள் மீதும் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. லாமின் வலை குலைகிறது. உறையின் சவ்வு, செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வுத் தொகுதியான எண்டோபிளாச வலையோடு கலந்துவிடுகிறது. குரோமோசோம்கள் பிரிந்து நகரும் அனாஃபேஸ் கட்டத்தில், சிடிகே1-ஐ இயக்கும் சைக்ளின் பி புரதம் சிதைந்ததும் பிபி1, பிபி2ஏ நொதிகள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றுகின்றன. உடனே பாஃப் என்னும் சிறு புரதம் குரோமோசோம் திரளின் வெளிப்பரப்பைப் பிணைத்து இறுக்குகிறது. 46 குரோமோசோம்களும் ஒரே உறைக்குள் அடங்குவது இதனால்தான். பாஃப் இல்லையென்றால் சவ்வு இடுக்குகளில் புகுந்து, ஓர் உட்கருவுக்குப் பதில் பல துண்டு உட்கருக்கள் உண்டாகின்றன.

சவ்வு பரவும்போதே எலிஸ் புரதம் குரோமாட்டினில் (புரதங்களோடு பிணைந்த டிஎன்ஏ) அமர்ந்து துளைகளின் பாகங்களை அழைத்து வருகிறது. குரோமோசோம்களை இழுத்த கதிர்கோல் இழைகள் இன்னும் குத்தி நிற்கும் இடங்களில் ஓட்டை மிஞ்சும். அங்கே ஸ்பாஸ்டின் என்னும் நொதி இழையை வெட்ட, எஸ்கார்ட்-3 புரதங்கள் சவ்வின் விளிம்புகளை இழுத்து ஒட்டுகின்றன. இது 2015இல்தான் தெளிவானது. இந்த வேலை தடைபட்டால் உட்கரு கசியும், டிஎன்ஏ சேதமடையும்.

பின்தங்கிய குரோமோசோமின் கதி இன்னும் மோசம். அதைச் சுற்றித் தனி உறை எழும்பி நுண்கரு ஆகிறது. ஆனால் அந்த உறையில் துளைகளும் லாமின் பி1 புரதமும் குறைவு. தேவையான புரதங்கள் உள்ளே போதுமான அளவு நுழையாததால் டிஎன்ஏ நகலெடுப்பு தடுமாறுகிறது; பிறகு உறையும் கிழிகிறது. உள்ளிருக்கும் குரோமோசோம் நொறுங்கித் தாறுமாறாக ஒட்டிக்கொள்ளலாம். புற்றுநோய்ச் செல்களில் காணும், குரோமோத்ரிப்சிஸ் என்னும் இத்தகைய குரோமோசோம் நொறுங்கலுக்கு இது ஒரு முக்கிய வழி.

மரபணுச் சேதத்தை அளக்க ஆய்வகத்தில் நுண்கருக்களை எண்ணுகிறோம்; அதில் அவசரம் கூடாது. லிம்போசைட் (ஒருவகை வெள்ளையணு) வளர்ப்பில் வழக்கமாக 44ஆம் மணி நேரத்தில், உட்கரு பிரிந்த பின் செல் இரண்டாகப் பிளவதைத் தடுக்கும் சைட்டோகலாசின் பி சேர்த்து, 72ஆம் மணி நேரத்தில் அறுவடை செய்வோம். இரட்டை உட்கருச் செல்களை மட்டுமே எண்ண வேண்டும். ஒரு முறை பிரிந்த செல்கள் அவைதான். நுண்கருவின் விட்டம் முதன்மை உட்கருவில் பதினாறில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருக்க வேண்டும். அது உட்கருவைத் தொடலாம்; காம்பு போல இணைந்திருந்தால் அது மொட்டு, அதைத் தனியாகக் குறியுங்கள். ஃபோகஸை மாற்றும்போது பளபளத்தால் அது சாயத் துகள். குரோமோசோமின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியரைக் காட்டும் ஒளிரும் சாயமும் போட்டுப் பாருங்கள்: ஒளிர்ந்தால் பெரும்பாலும் முழுக் குரோமோசோம் பின்தங்கியிருக்கிறது, ஒளிராவிட்டால் உடைந்த துண்டு.

வயது கூடக்கூட இந்த எண்ணிக்கை ஏறும், பெண்களுக்குச் சற்று அதிகம். ஒரு நபரின் உயர்ந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று யாரும் பயமுறுத்தக் கூடாது. அதே வயது, அதே பாலினக் கட்டுப்பாட்டு மாதிரிகளோடு ஒப்பிட்டே பேச வேண்டும்.