தாத்தாவின் பட்டாளக் கதையைப் பதிவு செய்யும் முன் அவர் காதைக் கவனியுங்கள்

ராணுவக் கதைகளுக்கென்றே பாட்காஸ்ட்கள் வர ஆரம்பித்த பிறகு, "எங்க தாத்தாவும் 71 சண்டையில இருந்தவர்தான், ரெக்கார்ட் பண்ணலாம்னா வாயே திறக்க மாட்டேங்கிறார்" என்று சொல்லும் பேரப்பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பவள். வேலூர் பக்கம், கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர்கள் இருக்கும் பகுதி என்பதால் என்னிடம் வருகிறவர்களில் எக்ஸ்-மிலிட்டரிக்காரர்கள் அதிகம்.

பழசை நினைத்தால் மனசு கஷ்டப்படும், அதனால்தான் பேசவில்லை என்பார்கள் வீட்டில். இருக்கலாம். ஆனால் நான் பார்க்கும் பலருக்கு அதற்கும் முன்னாலேயே ஒரு தடை இருக்கிறது, கேட்ட கேள்வியே அவர்களுக்குச் சரியாகப் புரிந்திருக்காது.

140 டெசிபலைத் தாண்டும் வெடிச்சத்தம் ஒரே தடவையில்கூட உள்காதில் சத்தத்தை உணரும் முடி செல்களைக் கெடுத்துவிடும். ரைபிள் சுடுபவரின் காதருகே சத்தம் அதைத் தாண்டிவிடுகிறது, பீரங்கி அதற்கும் மேலே. காதில் வெறும் பஞ்சை வைத்துக்கொண்டு பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றதாகச் சொன்னவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். செத்த செல் மறுபடி வளராது. எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில், மேல் ஸ்தாயியான 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் விழுந்திருக்கும், வயது ஏற ஏற அந்தப் பள்ளம் அகலமாகும்.

கீழ் ஸ்தாயி ஓரளவு நன்றாகவே கேட்பதால், யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பதுதான் பிடிபடாது. படை, கடை, தடை மூன்றும் ஒன்றுபோலவே விழும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் இன்னும் கஷ்டம், மேலே ஃபேன் வேறு ஓடினால் கேட்கவே வேண்டாம். தப்பாகப் பதில் சொல்லி அசிங்கப்படுவதைவிட "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்று தள்ளிவிடுவது அவருக்குச் சுலபம்.

பீரங்கிப் படையில் இருந்த ஒரு பெரியவர், எல்லையில் டிரான்சிஸ்டரில் விவித் பாரதியின் ஜெய்மாலா கேட்டு வளர்ந்த பழக்கம் இன்னும் விடாதவர், என்னிடம் வந்தார். ஜவான்கள் விரும்பிக் கேட்கும் பாட்டுகளைப் போடும் நிகழ்ச்சி அது. "பாட்டு கேக்குதும்மா, யார் கேட்டாங்க, எங்கேர்ந்து கேட்டாங்கன்னு பேர் படிக்கிறாங்களே, அதுதான் புரியலை" என்றார். அவருக்கு வேண்டியது அந்தப் பெயர்கள்தான். அதைச் சொல்லும்போது அவர் மகனுக்கே அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

சரி, பதிவு செய்ய உட்காரும்போது என்ன செய்யலாம்? வலது தோளில் ரைபிள் வைத்துச் சுட்டவருக்குப் பெரும்பாலும் இடது காதுதான் அதிகம் கெட்டிருக்கும், ஏனென்றால் குழல் முனைப் பக்கம் இருப்பது இடது காது, வலது காதைத் தலையே மறைத்துக்கொள்கிறது. ஆகவே அவருக்கு வலப்பக்கமாக, முகம் தெரிகிற மாதிரி உட்காருங்கள். கத்தாதீர்கள், கத்தினால் வார்த்தை இன்னும் கலங்கும். நிதானமாகக் கேளுங்கள், அப்படியும் புரியவில்லை என்றால் கேள்வியைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் காட்டுங்கள். அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் வரலாற்றுத் திட்டம் குறைந்தது 30 நிமிடப் பதிவு கேட்கிறது, ஆனால் காது மந்தமானவருக்கு அவ்வளவு நேரம் கூர்ந்து கேட்பதே பெரிய உழைப்பு, நம் வீட்டில் பத்துப் பத்து நிமிடமாக எடுத்தால் போதும். பேசும்போது நடுங்கினாலோ, அன்று இரவு தூங்காமல் இருந்தாலோ நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

முக்கியமாக, அதற்கு முன்பே ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். முன்னாள் படைவீரர்களுக்காக 2003இல் வந்த மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை இருந்தால் அதன் பாலிகிளினிக் வழியாக இ.என்.டி. டாக்டரைப் பார்த்து ஹியரிங் எய்ட் வாங்க வழி இருக்கிறது. மாட்டிய அன்றே எல்லாம் தெளிவாகிவிடாது, மூளை பழகச் சில வாரம் ஆகும், எரிச்சலில் கழற்றி டப்பாவில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர்கள் வேலை. அப்புறம், பதிவை வெளியே விடும் முன் அந்தக் கருவியோடே அவரைக் கேட்கச் சொல்லுங்கள். யூனிட், இடம், இறந்துபோன தோழரின் பெயர், எதை வெட்டச் சொன்னாலும் வெட்டிவிடுங்கள்.