பல் கேப்பில் பீங்கானைப் பிடித்து வைப்பது எது?

"பல்லுக்குக் கேப் போட்டேன். உள்ளே உலோகம், வெளியே பீங்கான் என்றார்கள். இரண்டையும் எந்தப் பசையால் ஒட்டுகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பசையே கிடையாது. உலோகக் கூட்டின் மேல் பீங்கான் மாவைக் குழைத்துப் பூசி, சுமார் 900 டிகிரி செல்சியஸில் சூளையில் சுடுகிறார்கள். உருகும் மாவு உலோகத்தோடு ஒன்றிவிடுகிறது.

சுடுவதற்கு முன் உலோகத்தின் மேல் அலுமினா (அலுமினியம் ஆக்ஸைடு) துகள்களைப் பீய்ச்சி அடித்துச் சொரசொரப்பாக்குவார்கள். அந்தப் பள்ளங்களில் பீங்கான் புகுந்து கவ்வும். ஆனால் உண்மையான பிடிப்பு, உலோகத்தின் மேல் படியும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தில் இருக்கிறது. துரு மாதிரிதான், ஆனால் நமக்கு வேண்டிய துரு. நிக்கல்-குரோமியம் கலவையில் இது தானாகவே உண்டாகும். தங்கம் ஆக்ஸைடாகாது என்பதால் அதில் ஆக்ஸைடாகும் வெள்ளீயம், இண்டியம் போன்ற உலோகங்களைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். படலம் தடித்துவிட்டால் அதுவே பெயர்ந்துவிடும்.

சரி, ஒட்டியாகிவிட்டது. அப்புறம் ஆற வேண்டுமே! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சாதாரணப் பீங்கான் உலோகத்தைவிட மிகக் குறைவாகவே சுருங்கும். அதை இப்படிச் சுட்டால் ஆறும்போதே உடைந்துவிடும். சூட்டில் நன்றாக விரிந்து, ஆறும்போது அதே அளவு சுருங்கும் லூசைட் என்ற படிகத்தைப் பீங்கானுக்குள் வளர்த்து இதைச் சமாளித்தார்கள். அமெரிக்காவில் 1962-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

இதில் அழகு என்னவென்றால், இரண்டையும் சரிசமமாகச் சுருங்க விடுவதில்லை. உலோகம் ஒரு துளி கூடுதலாகச் சுருங்க வேண்டும். ஒரு டிகிரிக்கு, பத்து லட்சத்தில் அரைப் பங்கு வித்தியாசம். 10 மி.மீ. அகலக் கேப், பீங்கான் இறுகிய பிறகு சுமார் 600 டிகிரியிலிருந்து ஆறும்போது இது வெறும் 3 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அந்த 3 மைக்ரான் அளவுக்கு உலோகம் பீங்கானை உள்நோக்கி நெருக்குகிறது. பீங்கான் நெருக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். ஏற்கெனவே நெருங்கி நிற்பதில் விரிசல் வாய் திறக்க, முதலில் அந்த நெருக்கத்தை வெல்ல வேண்டும். வித்தியாசம் கூடினாலோ பீங்கான் தெறித்துவிடும்.

இவ்வளவு நுட்பத்தையும் பொறுமையாக அளந்து அளந்தே எட்டினார்கள். பரபரப்பில்லாத இத்தகைய பொருளறிவியல் ஆய்வுகளுக்கு இன்னும் தாராளமாக நிதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிடிப்பைச் சோதிக்க ஐஎஸ்ஓ 9693 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அரை மி.மீ. தடிமனுள்ள உலோகப் பட்டையின் நடுவில் பீங்கானைச் சுட்டு, பீங்கான் பெயரும்வரை வளைப்பார்கள். குறைந்தது 25 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மி.மீ.க்குச் சுமார் இரண்டரைக் கிலோ எடையின் விசை, தாங்க வேண்டும். பெயர்ந்த இடத்தையும் பார்ப்பார்கள். உலோகம் பளிச்சென்று தெரிந்தால் பிடிப்பு தோற்றிருக்கிறது. வெள்ளைப் பீங்கான் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், உடைந்தது பீங்கான்தான், பிடிப்பு அல்ல.