டோனர் டென்சிட்டி: கொடையா, நாற்றுமேடையா?

போன கிழமை மத்திய வீதியில் ஒரு சலூனில் காதில் விழுந்தது. முன்னந்தலை வெளித்த பெடியன் ஒருத்தன், கொழும்பில் முடி நடக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். "டோனர் டென்சிட்டி காணாதாம் அண்ணை." சலூன்காரர் சின்னக் கண்ணாடியைப் பிடரிப் பக்கம் பிடித்துக் காட்டினார். "பின்னுக்கு நல்லாத்தானே கிடக்கு?"

டோனர் (donor), 'கொடு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். முடி நடுகையில் கொடுப்பவர் இன்னொருவர் அல்ல, உங்கள் பிடரியும் காதோரப் பக்கங்களும்தான். அங்குள்ள மயிர் பொதுவாக வழுக்கைக்கு அசையாது, முன்னுக்குக் கொண்டுவந்து நட்டாலும் அந்தக் குணம் மாறாது. 1959இல் இதை எழுதிய நியூயோர்க் தோல் மருத்துவர் நோர்மன் ஒரென்ட்ரைக், அந்தக் குணத்துக்கு வைத்த பெயரிலேயே டோனர் இருக்கிறது: 'டோனர் டொமினன்ஸ்'.

டென்சிட்டி என்றதும் திணிவைக் கனவளவால் வகுக்கப் போகவேண்டாம். இது புவியியல் பாடத்துக் குடியடர்த்தி மாதிரி: பிடரித் தோலின் ஒரு சதுர சென்ரிமீற்றரில் எத்தனை மயிர் என்ற கணக்கு. ஐரோப்பியருக்குச் சுமார் 200, கிழக்காசியருக்கு 120 முதல் 150 வரை. ஒரே துளையில் மூன்று நான்கு சேர்ந்து முளைப்பதும் அவர்களில் குறைவு. ஆனால் மயிர் தடிப்பு. எங்கள் மாநிறத் தலைத்தோலிலோ கறுப்பு மயிர் இடைவெளியைக் காட்டிக்கொடுக்காது. சலூன் கண்ணாடி ஏமாந்தது அங்கேதான்.

தமிழில் 'கொடையாளர் அடர்த்தி' என்று எழுதலாம். எனக்கு ஒட்டவில்லை. கொடை என்றால் இரத்ததானம் நினைவுக்கு வரும், கொடுத்த இரத்தம் மறுபடி ஊறும். பிடரியில் வேரோடு எடுத்த இடத்திலோ திரும்ப முளைக்காது. ஏறத்தாழப் பாதிக்கு மேல் எடுத்தால் பின்பக்கமும் வெளித்துவிடும்.

திருகோணமலைக்குப் பக்கத்துத் தம்பலகாமத்து வயற்காரரிடம் இதற்குச் சொல் இருக்கிறது: நாற்றுமேடை. (இப்போது அங்கும் பெரும்பாலும் விதைப்புத்தான், அது வேறு கதை.) மேடையில் உள்ளதுதான் கணக்கு, பிடுங்கிய இடம் வெறுமை. பிடுங்கிக் கட்டிய நாற்றுக் கட்டுக்கும் 'முடி' என்றுதான் பெயர்! ஆகவே என் தெரிவு 'நாற்றுப்பகுதி மயிரடர்த்தி'.

மயிர் என்று எழுதக் கூசுபவர்கள் முடியடர்த்தி என்று எழுதட்டும். தமிழகத்துக் காதுக்கு மயிர் என்பது வசை. நாங்கள் இங்கே தலைமயிர் வெட்டத்தான் சலூனுக்குப் போகிறோம்.