வியாழனுக்கு ஏது எதிரொலி?

"வியாழனின் எதிரொலியால் சிறுகோள்கள் விலகிப் போகின்றன" என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. காற்றே இல்லாத வெளியில் எந்த ஒலி, எங்கே மோதித் திரும்புகிறது? ஆங்கிலத்தில் இதற்கு 'ரெசனன்ஸ்' என்று பெயர்; அதன் மூலமான லத்தீன் 'ரெசொனாரே' என்றால் மீண்டும் ஒலித்தல். அதை அகராதியில் பார்த்துவிட்டு, கையில் அகப்பட்ட சொல்லைப் போட்டிருக்கிறார்கள். 'ரெசனன்ஸ்' என்றே விட்டிருக்கலாம். புரியாமல் போகும், ஆனால் தப்பாகப் புரியாது.

விஷயம் இதுதான். வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டுகள். சூரியனிலிருந்து 2.5 வானியல் அலகு, அதாவது பூமி இருக்கும் தூரத்தைப் போல இரண்டரை மடங்கு, தள்ளியிருக்கும் கல் அதற்குள் மூன்று சுற்று முடித்துவிடும். ஆகவே வியாழனின் இழுப்பு முறை தவறாமல் திரும்பத் திரும்ப ஒரே விதமாக வந்து சேரும், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல. அந்தத் தொலைவில் கற்கள் அரிது என்பதை அமெரிக்க வானியலாளர் கிர்க்வுட் 1866-இல் எடுத்துக்காட்டினார். காரணம் 1980-களில்தான் தெளிந்தது: லட்சம் ஆண்டுகள்கூட சும்மா சுற்றிவிட்டு, பாதை திடீரென்று நீண்டு செவ்வாயின் பாதையை வெட்டும் என்று ஜாக் விஸ்டம் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்.

சரி, 'ஒத்திசைவு' என்கிறார்களே? கேட்க இனிமைதான், அதுதான் கோளாறே. இசைவு என்றால் சம்மதம், இணக்கம். கல்லைக் கடைசியில் சூரியனுக்குள்ளேயே தள்ளிவிடக்கூடிய உறவில் என்ன இணக்கம்? ஹில்டா என்ற சிறுகோள் கூட்டத்துக்கு வேண்டுமானால் பொருந்தும். வியாழன் இரண்டு சுற்று, அவை மூன்று; அந்தக் கணக்கே அவற்றை வியாழனை நெருங்கவிடாமல் காக்கிறது. ஆனால் காப்பதையும் துரத்துவதையும் ஒரே சொல் தாங்க வேண்டுமே. பள்ளிப் பாடநூலில் படித்த 'ஒத்ததிர்வு' தாங்கும். "வானத்தில் என்ன அதிர்கிறது?" என்று மடக்குவார்கள். கல் அதிரவில்லை ஐயா, பாதைதான்: அதன் மையத்தொலைத்தகவு, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு, கூடிக் குறைந்து ஆடுகிறது. சுற்றுப்பாதை ஒத்ததிர்வு என்றால் இதுதான். வெறும் 'சுற்றுப்பாதை அதிர்வு' என்று பாதியை விழுங்குகிறவர்களும் உண்டு. ஒத்த என்பதை எடுத்துவிட்டால் அங்கே மிச்சம் என்ன?

இலங்கைப் பாடநூல்களில் இதற்குப் 'பரிவு' என்று பெயர். ஒரு தந்தியை மீட்டினால் பக்கத்துத் தந்தியும் கூடவே நடுங்குவதற்கு அதைவிட அழகான சொல் கிடையாது. வியாழன் விஷயத்தில் மட்டும், பரிவினால் தூக்கி எறிந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.