'பித்தளை அறை இசை' எதற்கு?

டிரம்பெட், டிராம்போன் போன்ற 'பிராஸ்' ஊதுகருவிகளைச் சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் 'பிராஸ் சேம்பர் மியூசிக்' என்பதைப் 'பித்தளை அறை இசை' என்று எழுதுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது. பித்தளையால் கட்டிய அறையா, அறையில் கிடக்கும் பித்தளையா?

'சேம்பர்' லத்தீன் 'கேமரா'விலிருந்து வந்தது. வளைந்த கூரை, பிறகு அறை. தேவாலயத்துக்கும் நாடக அரங்குக்கும் எழுதியதிலிருந்து பிரித்துக்காட்ட, பிரபுக்கள் வீட்டுக் கூடத்தில் வாசிப்பதற்கு இத்தாலியில் இந்தப் பெயர் வைத்தார்கள். இன்று பெரிய மண்டபத்தில் வாசித்தாலும் அது சேம்பர் இசைதான். ஒவ்வொரு இசைப்பகுதியையும் ஒருவர் மட்டுமே வாசிப்பது, பெரும்பாலும் முன்னால் நின்று கையசைத்து நடத்துபவர் இல்லாமல் ஒருவரையொருவர் பார்த்து மூச்செடுத்துத் தொடங்குவது, அதுதான் பொருள். 'சிறுகுழு இசை' போதும். சரி, அது சுலபம்.

வம்பு 'பித்தளை'யில்தான். சாக்ஸபோன் உடல் பித்தளை. ஆனால் நாணல் பட்டை வைத்து ஊதுவதால் அது மரக்காற்றுக் கருவிகள் ('வுட்விண்ட்') என்ற குடும்பத்தோடு சேர்கிறது. வெள்ளியில் செய்த புல்லாங்குழலும் அங்கேதான். மறுபக்கம், வெனிஸின் புனித மார்க் தேவாலயத்துக்காக எழுதிய இசையமைப்பாளர் ஜொவான்னி கேப்ரியெலியின் 'சொனாட்டா பியான் எ ஃபோர்ட்டே' (1597) டிராம்போன்களோடு கார்னெட்டோவைக் கேட்கிறது. அது தோல் சுற்றிய மரக்கருவி, ஆனாலும் பிராஸ் குடும்பம்தான். ஆக, உலோகம் எங்கேயும் அளவுகோல் இல்லை. கிண்ணம் போன்ற ஊதுவாயில் உதட்டை இறுக்கி அதிரவிடுவதுதான் அளவுகோல். டிரம்பெட்டிலிருந்து ஊதுவாயைக் கழற்றித் தனியாக ஊதினாலும் வண்டு மாதிரி ரீங்காரம் வரும். அது உதட்டின் ஓசை. 'உலோகக் கருவி' என்று மாற்றுவோரும் இதே குழியில் விழுகிறார்கள். 'துளைக்கருவி' என்பதும் உதவாது. அதில் குழல், சீவாளி வைத்த நாகசுரம் எல்லாம் அடக்கம்.

உதட்டால் ஊதும் கருவிகள் நம்மிடம் இல்லையா? கொம்பு, எக்காளம், தாரை, சங்கு! 'கொம்புக் கருவிகள்' என்றால் ஊதும் முறையே கண்முன் வரும். இந்தக் குடும்பத்திலுள்ள ஹார்ன் என்ற கருவியின் பெயருக்கும் கொம்பு என்றுதானே பொருள், குழம்பாதா என்பார்கள். ஹார்னை ஹார்ன் என்றே எழுதலாம், குடும்பத்துக்குக் கொம்பு. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள், கருவியை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் பித்தளையைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பெயர் சரியாக இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம், இந்தக் குழுக்கள் தனி மரபாகவே வளர்ந்துவிட்டன. குழாயின் நீளத்தை மாற்றும் வால்வுக்கு 1818இல் காப்புரிமை வந்த பிறகுதான் டிரம்பெட்டிலும் ஹார்னிலும் எல்லாச் சுரங்களையும் சீராக வாசிக்க முடிந்தது. ரஷ்யப் பொறியாளர் விக்டர் எவால்ட் ஐவருக்கு எழுதிப்பார்த்தார். ஆனாலும் உண்மையான எழுச்சி இரண்டாம் உலகப்போருக்குப் பின்தான்: லண்டனில் பிலிப் ஜோன்ஸ் குழு 1951, நியூயார்க் பிராஸ் குவின்டெட் 1954, டொராண்டோவில் கனடியன் பிராஸ் 1970. நியூயார்க் ஐவருக்காக 1961இல் ஆங்கில இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்டு எழுதிய படைப்பை இன்றும் உலகெங்கும் வாசிக்கிறார்கள்.

இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா: இதைக் 'கொம்பிசை ஐவர் குழு' என்று எழுதுங்கள். டியூபாவுக்குத் தமிழ்ப்பெயர் தேட வேண்டாம், டியூபா டியூபாவாகவே இருக்கட்டும்.