நகரும் புள்ளிகளும் டிஸ்லெக்சியாவும்

மகனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை, கண் பயிற்சி வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்க்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பார்வையில் கோளாறு இல்லையென்றால் அந்தப் பணத்தை ஒலிப்பு அடிப்படையிலான வாசிப்புப் பயிற்சிக்குச் செலவிடலாம் என்பதே என் கருத்து. ஆனால் கண்ணின் மீது சந்தேகம் எழுந்ததற்குக் காரணம் இருந்தது.

1996இல் நரம்பியல் ஆய்வாளர் கினிவியர் ஈடனும் குழுவினரும் மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் சிலரைப் படுக்க வைத்துத் திரையில் நகரும் புள்ளிகளைக் காட்டினார்கள். அசைவை உணரும் வி5 என்ற மூளைப்பகுதி, சரளமாக வாசிப்பவர்களிடம் தூண்டப்பட்டது. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களிடம் அவ்வாறு தூண்டப்படவில்லை. அப்படியானால் வி5இன் சுணக்கம்தான் வாசிப்பைத் தடுக்கிறதா?

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஈடன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வின் அழகு, யாரை யாருடன் ஒப்பிட்டார்கள் என்பதில் இருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ள சிறுவனை அவன் வயதுச் சிறுவனோடு ஒப்பிட்டால், மற்றவன் அதற்குள் ஏராளமாக வாசித்துத் தள்ளியிருப்பான். மூளையில் தெரியும் வேறுபாடு குறைபாட்டின் வேராகவும் இருக்கலாம், வாசிக்காததன் விளைவாகவும் இருக்கலாம். ஆகவே, அதே அளவுக்கு மட்டுமே வாசிக்கத் தெரிந்த, வயதில் இளைய குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். வி5தான் காரணமென்றால் இவர்களோடு ஒப்பிடும்போதும் அது பின்தங்கியிருக்க வேண்டும். அப்படி இல்லை, இரு குழுவினருக்கும் அது ஒரே அளவில்தான் இயங்கியது.

அத்தோடு விடாமல், டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளுக்கு ஒலிப்பு சார்ந்த வாசிப்புப் பயிற்சி அளித்தார்கள். 'ஸ்மைல்' என்ற சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டால் 'மைல்' மிஞ்சும் என்று காதால் பிரித்தறிவது போன்றவை இவ்வகைப் பயிற்சிகளில் இடம்பெறும். நகரும் புள்ளிக்கு இங்கே வேலையே இல்லை. இருந்தும் பயிற்சிக்குப் பின் வி5இன் இயக்கம் கூடியது. வாசிப்புதான் வி5ஐ வளர்க்கிறதே தவிர, வி5 வாசிப்பை வளர்க்கவில்லை.

தம்முடைய புகழ்பெற்ற முடிவையே இப்படி மறுபடி சோதிப்பவர்கள் அரிது. அதற்கு நிதி தருபவர்கள் அதைவிட அரிது. 2014இல் இதே குழு மூளையில் நரம்பணுக்கள் செறிந்த சாம்பல்நிறப் பொருளின் அளவையும் இவ்வாறே ஒப்பிட்டபோது, சம வயதினரோடு ஒப்பிட்டுக் கண்ட வேறுபாடுகளில் பெரும்பாலானவை மறைந்துபோயின.

எல்லாமே விளைவுதான் என்றும் சொல்லிவிட முடியாது. குடும்பத்தில் டிஸ்லெக்சியா உள்ள, இன்னும் வாசிக்கவே தொடங்காத குழந்தைகளைப் பாஸ்டனில் நடீன் காப் குழுவினர் ஆராய்ந்தபோது, சொல்லின் ஒலியைக் கவனிக்கும் வேளையில் அவர்களது மூளையின் சில பகுதிகள் அப்போதே குறைவாக இயங்கியதைக் கண்டார்கள்.