பழைய பேக்கோ லோடரில் ஹைட்ராலிக் ஆயில் மாற்றம்: சர்வீஸே கோளாறாகாமல் இருக்க

முன்னால் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் பக்கெட்டும் கொண்ட பேக்கோ லோடரில், ஹைட்ராலிக் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய சில வாரங்களுக்குள் பம்ப் இரையத் தொடங்கினால், உரிமையாளர் முதலில் சந்தேகப்படுவது ஆயிலின் பிராண்டைத்தான். அப்படி வரும் பம்புகளைப் பிரித்துப் பார்க்கும்போது, குறை பெரும்பாலும் ஆயிலில் இருப்பதில்லை. மாற்றிய முறையில் இருக்கிறது. திறந்து வைத்த டேங்க் வாயில் உதிர்ந்த மண், கழுவாத புனலில் ஒட்டியிருந்த தூசி, துடைத்த பஞ்சின் நூல், டேங்கிலிருந்து பம்ப் ஆயிலை உறிஞ்சும் சக்ஷன் லைனில் தங்கிய காற்று ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சர்வீஸ் நாளன்றே உள்ளே போயிருக்கும். பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த எந்திரத்திற்கு இந்தச் சிறு அழுக்கே போதுமானது.

இதில் அளவுகளைத் தெரிந்துகொள்வது அவசியம். வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடிய மிகச் சிறிய துகள் ஏறத்தாழ 40 மைக்ரான் அளவுடையது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கன்ட்ரோல் வால்வில் ஆயிலின் பாதையைத் திறந்து மூடும் உருளையான ஸ்பூலுக்கும் அது நகரும் துளைக்கும் இடையேயுள்ள இடைவெளியோ சில மைக்ரான்கள்தான். ஆகவே கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் ஆயிலிலேயே, ஸ்பூலைக் கீறவும் பம்பின் உட்சுவரைத் தேய்க்கவும் போதுமான துகள்கள் மிதந்துகொண்டிருக்கலாம். ஆயிலின் தூய்மையைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 4406 என்ற தர அளவீடு, ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எவ்வளவு உள்ளன என்பதை மூன்று எண்களால் சொல்கிறது; எண் ஒன்று கூடினால் துகள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். சீல் உடைக்காத புதிய பேரலில் வரும் ஆயில்கூட இந்த அளவீட்டின்படி எந்திரத்திற்குத் தேவையான தூய்மையில் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பேரலைச் சாய்த்துப் புனல் வழியே நேரடியாக ஊற்றும் பழக்கத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

எந்த ஆயில் என்ற கேள்விக்கு விடை எந்திரத்தின் மேனுவலில் இருக்கிறது. பக்கத்து எந்திரத்தில் ஊற்றியதை வைத்து முடிவு செய்யக் கூடாது. தனி ஹைட்ராலிக் டேங்க் கொண்ட பல எந்திரங்களுக்கு, தட்பவெப்பத்தைப் பொறுத்து, தேய்மானத் தடுப்புச் சேர்மானம் கொண்ட ஐஎஸ்ஓ விஜி 32, 46 அல்லது 68 வகை ஆயில் பரிந்துரைக்கப்படுகிறது. 46 என்பது 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பிசுக்குமையைச் செண்டிஸ்டோக் அளவில் காட்டும் எண்ணே தவிர, தரத்தின் அளவு அன்று. ஆனால் சில பழைய மாடல்களில் டிரான்ஸ்மிஷனும் ஹைட்ராலிக்கும், சிலவற்றில் ஆயிலில் நனைந்தபடி இயங்கும் பிரேக்கும்கூட, ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. அத்தகைய எந்திரத்தில் சாதாரண ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினால் லோடர் வேலை செய்யும். பிரேக்கோ அதிர்ந்து கத்தும், கிளட்ச் தகடுகளும் விரைவில் தேயும். பிரேக்குக்குத் தனி டேங்க் இருந்தால் அதற்கான திரவத்தைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்: மினரல் ஆயிலுக்கென அமைந்த ரப்பர் சீல்கள் கார் பிரேக் ஃபுளூயிடில் கெட்டுவிடும், பிரேக் ஃபுளூயிடுக்கென அமைந்த சீல்களில் மினரல் ஆயிலை ஊற்றினாலும் கேடுதான்.

வேலையைத் தொடங்கும் முன் எந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கெட்டுகளையும் தரையில் இறக்கி, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். லோடர் கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஃபில்டரை எட்ட முடியும் என்றால், அதற்குரிய பூட்டுத் தாங்கியைப் பொருத்தாமல் கீழே நுழையவே கூடாது; சிலிண்டரை நம்பி எவரும் அதன் அடியில் நிற்கலாகாது. எஞ்சினை அணைத்த பிறகு எல்லா லீவர்களையும் எல்லாத் திசையிலும் அசைத்து, லைன்களில் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். டேங்க் மூடியை மெதுவாகத் தளர்த்தி, உள்ளே அடைபட்ட காற்று சீறி அடங்கிய பிறகே முழுவதும் கழற்ற வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக, டேங்கின் மேற்பகுதியையும் ஃபில்டர் தலையையும் சுற்றியிருக்கும் மண்ணைக் கழுவித் துடைத்து உலர்த்துவது இந்த வேலையின் மிக மலிவான, மிகவும் தட்டிக்கழிக்கப்படும் பகுதி.

ஆயிலை வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். குளிர்ந்த ஆயிலில் கசடு அடியிலேயே தங்கிவிடும். வேலை முடித்த சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும். சிலிண்டர் ராடுகள் கூடுமானவரை உள்ளிழுக்கப்பட்ட நிலையில் வடித்தால், அவை அடைக்கும் இடத்தின் அளவுக்கு ஆயில் டேங்குக்குத் திரும்பியிருக்கும். அப்படியும் டேங்கை வடிப்பதால் முழு ஆயிலும் மாறிவிடாது. மொத்தக் கொள்ளளவு 120 லிட்டர், டேங்கில் 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை வடித்து நிரப்பிய பின்னும் பாதி பழைய ஆயிலே சிலிண்டர்களிலும் ஹோஸ்களிலும் கூலரிலும் சுற்றிக்கொண்டிருக்கும். சில நாள் ஓட்டி இரண்டாவது முறை மாற்றினால் அது கால் பங்காகக் குறையும். பழைய ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கருத்துக் கருகிய வாடை அடித்தால் நெடுநாள் அதிக சூட்டில் ஓடியிருக்கிறது. இவ்விரு நிலைகளிலும் இரண்டாம் மாற்றம் செலவல்ல, தேவை. உள்ளே டீசல் ஊற்றிச் சுழலவிட்டுக் கழுவும் வழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். முழுவதும் வடிக்க முடியாத அந்த டீசல் புதிய ஆயிலை நீர்க்கச் செய்து, பம்பின் மசகுத் தன்மையைக் குறைத்துவிடும்.

டேங்குக்குள் இருக்கும் சக்ஷன் ஸ்டிரெய்னரை (பம்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் வலை) பலர் தொடுவதே இல்லை. பழைய எந்திரங்களில் அதன் வலையில் கசடும், உட்சுவர் உரிந்த ஹோஸின் ரப்பர்த் துணுக்குகளும் சேர்ந்து ஆயில் ஓட்டத்தை அடைத்திருக்கும். பம்ப் தனக்கு வேண்டிய ஆயிலை இழுக்க முடியாமல் திணறும். வலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உள்ளிருந்து வெளியே காற்றடித்து உலர்த்தலாம். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். திரும்பப் பொருத்தும்போது சக்ஷன் இணைப்பின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கட்டாயம் புதிதாகப் போட வேண்டும். எஞ்சின் ஓடும்போது அந்த லைனில் உறிஞ்சும் விசை இருப்பதால், அங்கே ஓ-ரிங் கடினமாகிப் போயிருந்தால் ஆயில் வெளியே கசிவதில்லை. காற்று உள்ளே போகிறது. தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் பம்ப் மட்டும் இரையும் எந்திரத்தில், அந்த இணைப்பைச் சுற்றிக் கையால் கிரீஸ் பூசிப் பாருங்கள். இரைச்சல் சட்டெனக் குறைந்தால் காற்று நுழையும் இடம் அதுதான்.

டேங்குக்குத் திரும்பும் ஆயிலை வடிகட்டும் ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றி அப்படியே குப்பையில் போடுவது ஒரு மருத்துவ அறிக்கையைப் படிக்காமல் கிழித்தெறிவதற்குச் சமம். அதன் தகர உறையை வெட்டுக் கருவியால் திறந்து, மடிப்புக் காகிதத்தைப் பிரித்து, ஆயிலைப் பிழிந்தெடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் பொடி இரும்பு உறுப்புகளின் தேய்மானம். காந்தத்தில் ஒட்டாத வெள்ளைச் சிலும்புகள் பெரும்பாலும் கியர் பம்பின் அலுமினிய உடலிலிருந்து வருபவை. மஞ்சள் மினுமினுப்பு வெண்கலப் புஷ்களையோ பிஸ்டன் பம்பின் உறுப்புகளையோ சுட்டும். கறுப்பு ரப்பர்த் துண்டு என்றால் சீல் அல்லது ஹோஸ். மெல்லிய பொடி பழைய எந்திரத்தில் இயல்பு. நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் செதில் கிடைத்தால், ஆயிலை மட்டும் மாற்றி அனுப்புவதில் பொருளில்லை.

புதிய ஃபில்டரைத் திருகு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குவது ஆபத்தானது. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் ஃபில்டர்களில் வடிகட்டும் நுண்மை வேறுபடும். பைபாஸ் வால்வு ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இராது. ஃபில்டர் அடைபடும்போதும், குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதும் பைபாஸ் திறந்து ஆயிலை வடிகட்டாமலே விடும். அது குறைந்த அழுத்தத்திலேயே திறந்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை. எங்குமே பைபாஸ் இல்லையென்றால் காகிதம் நசுங்கிக் கிழியும். மேனுவலில் உள்ள பாக எண்ணை வைத்தே வாங்க வேண்டும். டேங்க் மூச்சுவிடும் காற்று வடிகட்டியான பிரீதரையும் அன்றே மாற்றிவிடுங்கள். சிலிண்டர்கள் நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் டேங்க் வெளிக்காற்றை இழுத்து விடுகிறது. புழுதியில் வேலை செய்யும் எந்திரத்தில் அந்தச் சிறு பாகம் செத்துப்போனால் மற்ற ஃபில்டர்களின் உழைப்பு வீண்.

ஆயிலை நிரப்பும்போது ஃபில்டர் பொருத்திய கை பம்ப் அல்லது மின் பம்ப் வழியாக ஏற்றுவதே நல்லது. துடைக்க நூல் உதிராத துணி மட்டுமே வேண்டும். நிரப்பியவுடன் எஞ்சினை முடுக்கிவிடக் கூடாது. மேனுவலில் சொன்னபடி பம்பின் உள்வழியில் காற்றை வெளியேற்றி ஆயில் நிறையச் செய்து, பிறகு ஐடிலில், அதாவது குறைந்த வேகத்தில், சில நிமிடம் ஓடவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு லீவராக, சுமையில்லாமல், மெதுவாக, சிலிண்டரின் கடைசி எல்லையில் முட்டாமல் இயக்க வேண்டும். ஆயிலில் நுரை தெரிந்தால் நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருக்கலாம். ராடுகள் நீண்ட நிலையில் அளவைப் பார்த்து நிரப்பினால், அவை உள்ளே வரும்போது டேங்க் வழியும். மேனுவல் குறிப்பிடும் நிலையில் மட்டுமே அளவைப் பார்க்க வேண்டும்.

அழுத்தம் உள்ள லைன்களில் கசிவு தேடும்போது கையால் தடவிப் பார்க்கவே கூடாது. 200 பார் அழுத்தத்தையும் தாண்டக்கூடிய லைனில், ஊசித் துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். முதலில் சிறு புள்ளியாக, வலியே இல்லாமல் தோன்றினாலும், சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அட்டை அல்லது மரத்துண்டைக் காட்டித்தான் தேட வேண்டும். பழைய சீல்கள் ஆயில் மாற்றத்திற்குப் பின் கசியத் தொடங்குவதும் உண்டு. இடுக்குகளில் படிந்திருந்த கசடை புதிய ஆயில் கரைப்பதால், அதுவரை மறைந்திருந்த தேய்மானம் வெளிப்படுகிறது.

வடித்த ஆயிலை மண்ணிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், மூடியுள்ள பேரலில் அடைத்து, கழிவு ஆயிலை முறையாகப் பெறுபவரிடம் கொடுக்க வேண்டும். அதில் தண்ணீரோ டீசலோ கலந்தால் அவர்கள் ஏற்க மறுக்கலாம். ஹவர் மீட்டரின் எண், ஊற்றிய ஆயிலின் வகை, போட்ட ஃபில்டரின் பாக எண், பழைய ஃபில்டரில் கண்டவை ஆகியவற்றை எழுதி கேபினில் ஒட்டிவிடுங்கள். மிகவும் கசடு கண்ட எந்திரமாக இருந்தால், அதே தாளில் அடுத்த ரிட்டர்ன் ஃபில்டர் மாற்றத்தை, வழக்கமான இடைவெளிக்குக் காத்திராமல், 50 மணி நேர ஓட்டத்துக்கே குறித்து வைக்கலாம்.